பாலைவனத்துப் புல்தரை

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், பாலைவனத்தின் நடுவே அமைந்த நகரம் பீனிக்ஸ். 2023-ஆம் ஆண்டில் ஜூன் 30 முதல் ஜூலை 30 வரை, தொடர்ந்து 31 நாள்கள், அங்கே பகல் வெப்பம் 43 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்கவே இல்லை. அங்கு ஓராண்டில் பெய்யும் மழையோ சராசரியாக 200 மில்லிமீட்டருக்கும் குறைவு. சென்னையில் ஒரு நல்ல ஐப்பசி அடைமழை இரண்டு நாளில் கொட்டிவிட்டுப் போகும் அளவு அது.

இந்த ஊரின் மேல் விமானத்தில் பறப்பவர்கள் கீழே ஒரு விந்தையைக் காண்பார்கள். காய்ந்த செம்மண், கற்பாறை, ஆளுயரத்தைப் போல் பல மடங்கு ஓங்கிய கள்ளிகள். இவற்றின் நடுவே பச்சைப் பட்டு நாடாவை வீசி எறிந்தாற்போல வளைந்து வளைந்து ஓடும் புல்தரைகள். அவை கோல்ஃப் மைதானங்கள். பீனிக்சிலும் அதன் சுற்றுப்புறத்திலும் மட்டும் இத்தகைய மைதானங்கள் நூற்றுக்கு மேல் இருக்கின்றன.

கோல்ஃப் ஆட்டத்தை நேரில் பார்த்திராத வாசகர்களுக்கு இரண்டொரு சொற்கள். சிறிய வெள்ளைப் பந்தை நீண்ட மட்டையால் அடித்து, தொலைவில் உள்ள ஒரு குழியில் விழச் செய்ய வேண்டும். குழியின் குறுக்களவு 108 மில்லிமீட்டர். இப்படி 18 குழிகள். ஒவ்வொரு குழிக்கும் முதல் அடி அடிக்கும் மேடை ஒன்று உண்டு. அதற்கு ‘டீ’ என்று பெயர். அங்கிருந்து குழி வரை நீளும் வெட்டிய புல்வெளி ‘ஃபேர்வே’. அதன் இரு மருங்கிலும் புல் சற்று உயரமாக விடப்பட்ட பகுதி ‘ரஃப்’. குழியைச் சுற்றி, கம்பளம் விரித்தாற்போல் ஒட்ட வெட்டிய சிறு வட்டம் ‘கிரீன்’. இந்தக் கிரீனில் புல்லின் உயரம் ஏறத்தாழ 3 மில்லிமீட்டர்தான்! நாள்தோறும் விடியற்காலையில் அதை வெட்டுகிறார்கள்.

மூன்று மில்லிமீட்டர் உயரப் புல், நாற்பத்து மூன்று டிகிரி வெயில். இது எப்படிப் பிழைக்கிறது? அதைப் பிழைக்க வைக்கும் மைதானக் கண்காணிப்பாளர் என்னதான் செய்கிறார்?

நமக்குத் தெரிந்த புல்

முதலில் புல்லைப் பார்ப்போம். அமெரிக்கர் இதனைப் பெர்முடாப் புல் என்பர். தாவரவியல் பெயர் சைனோடான் டாக்டிலான். நீங்கள் இதை நன்கு அறிவீர்கள். வரப்பிலும் வாய்க்கால் ஓரத்திலும் படர்ந்து கிடப்பது, பிள்ளையாருக்கு மாலையாகக் கட்டிச் சார்த்துவது, மணமக்களை ‘அருகுபோல் வேரூன்றி’ வாழ்க என்று வாழ்த்தும்போது சொல்லப்படுவது, எல்லாம் இதே அருகம்புல்தான்.

வெயில் அருகுக்குப் பகையன்று. கரும்பு, மக்காச்சோளம், கம்பு, கேழ்வரகு ஆகியவற்றைப் போல அருகும் ஒரு சிறப்பான முறையில் ஒளிச்சேர்க்கை செய்கிறது. நெல், கோதுமை போன்ற பயிர்களில், காற்றிலுள்ள கரியமில வாயுவை ரூபிஸ்கோ என்ற நொதி நேரடியாகப் பிடிக்கிறது. ஆனால் வெப்பம் ஏற ஏற இந்த நொதி தடுமாறத் தொடங்கும். கரியமில வாயுவுக்குப் பதில் ஆக்சிஜனைப் பிடித்துவிடும். அதனால் செடி சேர்த்த உணவின் ஒரு பகுதி வீணாகிறது. கரும்பு, அருகு வகையினவோ முதலில் வேறொரு நொதியால் கரியமில வாயுவைப் பிடித்து, நான்கு கார்பன் அணுக்கள் உள்ள ஓர் அமிலமாக்கி, இலையின் உள்ளே நரம்பைச் சுற்றியுள்ள செல்களுக்குக் கொண்டுபோய், அங்கே அதைத் திறந்து ரூபிஸ்கோவுக்கு ஊட்டுகின்றன. கரியமில வாயு நெருக்கமாக இருப்பதால் ரூபிஸ்கோ தவறு செய்வதில்லை. ஆஸ்திரேலியாவில் ஹாட்ச், ஸ்லாக் என்ற இருவர் கரும்பை ஆராய்ந்து 1966-இல் இவ்வழியை விளக்கினர்.

இதனால் வரும் இலாபம் என்ன? கரியமில வாயுவைத் திறமையாகப் பிடிப்பதால் இலைத்துளைகளை அகலத் திறந்து வைக்க வேண்டியதில்லை. துளை சுருங்கினால் நீர் வெளியேறுவதும் குறையும். ஒரு கிராம் உலர்பொருளை உண்டாக்க நெல் வகையினம் செலவிடும் நீரில் ஏறத்தாழப் பாதியே அருகு வகைக்குப் போதும். 35 டிகிரி வெயிலில் நம் வரப்புப் புல் வாடாமல் சிரித்துக்கொண்டிருப்பதன் இரகசியம் இதுதான்.

ஆனால் வரப்பில் உள்ள அருகை அப்படியே கொண்டுபோய்க் கிரீனில் நட முடியாது. அது முரட்டுப் புல். ஜார்ஜியா மாநிலத்தில் டிஃப்டன் என்ற சிற்றூரின் ஆராய்ச்சி நிலையத்தில் கிளென் பர்ட்டன் என்ற பயிர்ப்பெருக்க விஞ்ஞானி, நம் அருகையும் ஆப்பிரிக்காவில் வளரும் மெல்லிய அருகு இனம் ஒன்றையும் ஒட்டுச் சேர்த்தார். நம் அருகுக்கு 36 குரோமோசோம்கள். ஆப்பிரிக்க இனத்துக்கு 18. குழந்தைக்கு 27 வந்தது. ஒற்றைப்படையானதால் அவற்றைச் சரிசமமாகப் பிரிக்க இயலாது. ஆகவே விதை பிடிக்காத மலட்டுப் புல். மைதானத்துக்கு இதுவே வசதி. கரும்புக்குக் கரணை நடுவது போலத் தண்டுத் துணுக்குகளை நட்டால் போதும். கலப்படமின்றி ஒரே சீரான தரை கிடைக்கிறது. 1960-இல் வெளியிடப்பட்ட ‘டிஃப்வே’ என்ற வகை இன்றும் உலகின் பல மைதானங்களில் பரவிக் கிடக்கிறது. இதே பர்ட்டன் உருவாக்கிய ஆண்மலட்டுக் கம்பு வகையைத் தாயாகக் கொண்டுதான் 1965-இல் இந்தியாவின் முதல் வீரியக் கம்பு, எச்.பி.1, பஞ்சாபில் பிறந்தது. பணக்காரர் ஆட்டத்துக்குப் புல் செய்த கை, நம் ஏழை உழவனின் கம்பங்கொல்லைக்கும் விதை தந்தது!

தண்ணீர்க் கணக்கு

வெயிலைத் தாங்கும் புல்லாயினும் தண்ணீர் இல்லாமல் பச்சையாக இராது. பாலைவனத்துக் கோடையில், மண்ணிலிருந்து ஆவியாவதும் இலை வழியே போவதுமாக, வெட்டிய அருகுத் தரை நாளொன்றுக்கு ஏறத்தாழ 7 மில்லிமீட்டர் நீரை இழக்கும். ஏழு மில்லிமீட்டர் என்றால் விரற்கடை அளவுகூட இல்லையே என்று தோன்றும். கணக்கிட்டுப் பாருங்கள். ஒரு ஹெக்டேரில் ஒரு மில்லிமீட்டர் நீர் என்பது 10,000 லிட்டர். மைதானத்தில் 36 ஹெக்டேர் புல் இருந்தால், 36 × 7 × 10,000, அதாவது 25 இலட்சத்து 20 ஆயிரம் லிட்டர். ஆளுக்கு நாளொன்றுக்கு 100 லிட்டர் என்று வைத்தால் 25,000 பேர் வாழும் ஊருக்கு ஒரு நாளைக்குப் போதுமான தண்ணீர்.

ஆகவே கண்காணிப்பாளரின் வேலை உண்மையில் புல் வளர்ப்பதன்று, கணக்கு எழுதுவது. மைதானத்தில் ஒரு சிறு வானிலை நிலையம் இருக்கும். வெப்பம், ஈரப்பதம், காற்றின் வேகம், சூரிய ஒளி ஆகிய நான்கையும் அது அளக்க, அன்று எவ்வளவு நீர் போயிற்று என்று கணினி மதிப்பிடும். போனதை மட்டும் இரவில் திருப்பிக் கொடுப்பார்கள். பகலில் பாய்ச்சினால் காற்றிலேயே ஒரு பங்கு ஆவியாகிவிடும். காற்று அடித்துக்கொண்டு போவது வேறு. நள்ளிரவில் தரைக்குள்ளிருந்து நூற்றுக்கணக்கான தெளிப்பான்கள் தலை நீட்டிச் சுழன்று பாய்ச்சிவிட்டு, விடியுமுன் மறுபடி மண்ணுக்குள் அடங்கிவிடும்.

கணக்கு சரியாக இருந்தும் புல் காயலாம். ஏன்? எல்லாத் தெளிப்பானும் ஒரே சீராகத் தெளிப்பதில்லை. ஓரிடத்தில் 10 மில்லிமீட்டர் விழும். பக்கத்தில் 5 தான் விழும். 5 விழும் இடத்துக்கு 7 வேண்டுமென்றால் தெளிப்பானை அதிக நேரம் ஓட்டியாக வேண்டும். அப்போது 10 விழும் இடத்தில் 14 விழுந்து பாதி வீணாகும். இதைக் கண்டுபிடிக்க விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. ஒரே அளவுள்ள கிண்ணங்களைப் புல்லில் வரிசையாகப் பரப்பி, தெளிப்பானைச் சிறிது நேரம் ஓட்டி, ஒவ்வொன்றிலும் எவ்வளவு நீர் சேர்ந்தது என்று அளப்பார்கள். உங்கள் பள்ளித் தோட்டத்தில் தெளிப்பான் இருந்தால் நீங்களும் செய்து பாருங்கள். வரும் விடை உங்களைத் திடுக்கிட வைக்கும்.

கிரீனுக்கு அடியில்

கிரீன் என்பது தரையின் மேல் வளர்ந்த புல்லன்று; அது மண்ணுக்குள் கட்டிய ஒரு கட்டடம். அமெரிக்க கோல்ஃப் சங்கம் 1960-இல் இதற்கு ஓர் அமைப்பு முறையை வெளியிட்டது. அடியில் வடிகுழாய்கள், அவற்றின் மேல் 10 சென்டிமீட்டர் சரளைக்கல், அதன் மேல் 30 சென்டிமீட்டர் தேர்ந்தெடுத்த மணல். அந்த மணலில்தான் புல் வேர்விடும்.

மணலின் கீழே சரளை இருந்தால் தண்ணீர் விரைவாக ஓடிவிடும் என்றுதானே நினைப்போம்? நடப்பது நேர்மாறு. மெல்லிய இடைவெளிகள் உள்ள மணல், நுண்புழை விசையால் நீரைப் பிடித்துக்கொள்கிறது. சரளையின் இடைவெளிகள் பெரியவை. அவற்றுக்கு அந்தப் பிடிப்பு இல்லை. ஆகவே மணலின் அடிப்பகுதி முழுதும் நனைந்து கனக்கும் வரை நீர் சரளைக்குள் இறங்காது. மணலின் அடியில் தொங்கிக்கொண்டு நிற்கும். அளவு மீறினால்தான் கீழே இறங்கி வடியும். பாலைவனத்தில் இது பெருவசதி. வேருக்கு எட்டும் ஆழத்தில் சிறிது நீர் சேமிப்பாக இருக்கும். மிகுதியானால் வேர் அழுகாமல் வடிந்தும் போகும்.

இதைப் பாத்திரம் துலக்கும் ஸ்பான்ஜ் ஒன்றைக் கொண்டே காணலாம். அதை நீரில் முழுக்க நனைத்து, படுக்கை வாட்டமாகப் பிடியுங்கள். சொட்டுவது நிற்கும் வரை காத்திருங்கள். பிறகு மெல்ல நீளவாட்டில் செங்குத்தாக நிறுத்துங்கள். மறுபடியும் நீர் சொட்டும்! ஸ்பான்ஜ் மாறவில்லை, அதன் உயரம் கூடியது. உயரம் கூடினால் மேற்பகுதி வறண்டுவிடும். குறைந்தால் எல்லாம் சேறாகும். முப்பது சென்டிமீட்டர் என்பது இதனால் வந்த கணக்கு.

மணலும் எதுவாகவும் இருக்கக் கூடாது. பெரும்பகுதி மணிகள் கால் மில்லிமீட்டரிலிருந்து ஒரு மில்லிமீட்டர் வரை இருக்க வேண்டும். காற்று அரித்துச் சேர்த்த பாலைவனக் குன்றின் மணல் மிகவும் நுண்மையானது. மேலும் மணிகள் உருண்டு உருண்டு தேய்ந்து ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளாதவை. கோலிக்குண்டுக் குவியலின் மேல் நடப்பது போலக் கால் புதையும். ஆகவே வளைகுடா நாடுகளில், கண்ணுக்கெட்டிய தூரம் மணலாகவே இருக்க, மைதானத்துக்கு மணலை விலைக்கு வாங்க வேண்டி வருவதுண்டு.

உப்பு

இதுவரை சொன்னவை கண்ணுக்குத் தெரியும் இடர்கள். பாலைவனத்துப் புல்லின் மெய்யான பகைவன் கண்ணுக்குத் தெரியாமல் தண்ணீருக்குள்ளேயே வருகிறான்.

நெவாடா மாநிலத்தின் லாஸ் வேகாஸ் நகரம் ஏறத்தாழ 90 சதவீத நீரைக் கொலராடோ ஆற்றிலிருந்து பெறுகிறது. அந்த நீர் குடிக்கத் தக்கதுதான். ஆனால் பாறைகளையும் வயல்களையும் கழுவிக்கொண்டு வருவதால் லிட்டருக்குச் சுமார் 600 மில்லிகிராம் உப்புகள் அதில் கரைந்துள்ளன. ஆண்டு முழுவதும் 1.22 மீட்டர் ஆழம் நீர் பாய்ச்சினால் ஒரு சதுர மீட்டரில் 1,220 லிட்டர் விழும். அதனுடன் ஏறத்தாழ 730 கிராம் உப்பும் விழும். புல் நீரை மட்டும் குடித்துக் காற்றில் விடும். உப்பு மண்ணிலேயே தங்கும். 36 ஹெக்டேருக்குக் கணக்கிட்டால் ஆண்டுக்கு 260 டன்னுக்கு மேல். இருபத்தாறு லாரிச் சுமை உப்பை யாரோ இரவோடிரவாகப் புல்லில் தூவிவிட்டுப் போனது போல!

கழுவி இறக்க மழை இல்லை. மண்ணில் உப்பு ஏறினால், ஈரம் இருந்தும் வேரால் அதை உறிஞ்ச முடியாது. சவ்வூடு பரவல் எதிர்த் திசையில் இழுக்கும். கடல் நடுவே தாகத்தால் தவிக்கும் மாலுமியின் நிலைதான். முதலில் இலை நுனி கருகும். பிறகு திட்டுத் திட்டாகப் புல் மெலியும். அனுபவமற்றவர் இதை வறட்சி என்று எண்ணிக் கொஞ்சம் கொஞ்சமாக நீர் தெளிப்பார். ஒவ்வொரு தெளிப்பும் மேலும் உப்பைக் கொண்டு வரும்.

மருந்து ஒன்றே. அவ்வப்போது தேவைக்கு மேல் நீர் விட்டு, உப்பைக் கரைத்து வேருக்குக் கீழே தள்ள வேண்டும். பாய்ச்சிய நீரில் பத்தில் ஒரு பங்கு வேரைத் தாண்டிக் கீழே இறங்குவதாக வைத்துக்கொள்வோம். வந்த உப்பெல்லாம் அந்த ஒரு பங்கு நீரில் அடங்கி வெளியேற வேண்டும். ஆகவே அந்நீர் பத்து மடங்கு உப்பாக, லிட்டருக்கு 6,000 மில்லிகிராமாக இருக்கும். அருகு இதைத் தாங்கும். இருபதில் ஒரு பங்குதான் இறங்குமானால் 12,000 ஆகும். அப்போது அருகும் தள்ளாடும். தண்ணீரை மிச்சப்படுத்துகிறேன் என்று மிகவும் இறுக்கிப் பிடித்தால், சில ஆண்டுகளில் புல்லையே இழக்க நேரும். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் கண்காணிப்பாளர் நடக்க வேண்டியிருக்கிறது.

இன்னும் உப்பான நீர்தான் கிடைக்கும் என்றால் புல்லை மாற்ற வேண்டும். வளைகுடாக் கரைகளில் பல மைதானங்கள் கடலோரப் பாஸ்பாலம் என்ற புல்லை நட்டிருக்கின்றன. உப்பங்கழி ஓரங்களில் இயற்கையாக வளரும் இது, அருகு மடியும் உப்பிலும் பச்சையாக நிற்கும். இதுவும் நமக்கு அந்நியமன்று. நம் வரகு இதே பாஸ்பாலம் குடும்பத்துப் பங்காளிதான்.

திரும்பி வரும் தண்ணீர், வராத தண்ணீர்

கழிவு நீரைச் சுத்திகரித்துப் புல்லுக்கு விட்டால் நல்ல நீர் மிச்சமாகுமே என்று கேட்பீர்கள். பல பாலைவன நகரங்களில் அப்படித்தான் செய்கிறார்கள், நல்ல ஏற்பாடுதான். (அந்நீரில் உப்பு இன்னும் கூடுதல் என்பதை மறக்கக் கூடாது.) ஆனால் லாஸ் வேகாசில் கணக்கு வேறு மாதிரி.

1928-ஆம் ஆண்டுச் சட்டப்படி, கொலராடோ ஆற்றில் நெவாடாவின் பங்கு ஆண்டுக்கு 3 இலட்சம் ஏக்கர் அடி. காவிரி வழக்கினால் நமக்குப் பழகிப்போன டி.எம்.சி. அளவில் சொன்னால் வெறும் 13. இவ்வளவு சிறிய பங்கை வைத்துக்கொண்டு அந்நகரம் எப்படிப் பெருகிற்று? வீட்டுக்குள் குளித்து, துவைத்து, கழுவி விட்ட நீரெல்லாம் சாக்கடை வழியே சுத்திகரிப்பு நிலையம் சென்று, தூய்மையாகி மறுபடி மீடு ஏரியில் சேர்கிறது. திருப்பி விட்ட அளவுக்கு மீண்டும் எடுத்துக்கொள்ளலாம். குளியலறையில் எவ்வளவு செலவழித்தாலும் ஆற்றுக்கு நட்டமில்லை என்றே சொல்லிவிடலாம். ஆனால் புல்லில் விழுந்த நீர் காற்றோடு போயிற்று, அது திரும்பாது. அங்கே மைதானத்துக்குச் சுத்திகரித்த கழிவுநீரையே விட்டாலும், அது ஏரிக்குத் திரும்பியிருக்க வேண்டிய நீர்தான். ஆகவே அந்நகரில் நீரைச் சேமிப்பதென்றால் முதலில் புல்லைக் குறைக்க வேண்டும். வேறு வழி இல்லை.

மீடு ஏரி வற்றிக்கொண்டே வந்து, 2021 ஆகஸ்டில் வரலாற்றில் முதன்முறையாக ஆற்றில் நீர்ப் பற்றாக்குறை அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு நெவாடா ஒரு சட்டம் செய்தது. சாலை நடுவிலும் அலுவலக வாயிலிலும் வெறும் அழகுக்காக உள்ள புல்லுக்கு, 2026 முடிந்தபின் கொலராடோ நீர் விடக் கூடாது. கோல்ஃப் மைதானம் இச்சட்டத்தில் சேரவில்லை; ஆட்டத்துக்குப் பயன்படும் புல் என்று விலக்குக் கிடைத்தது. ஆனால் அதன் நீர்ப்படி சுருங்கியது. முன்பு ஓர் ஏக்கர் புல்லுக்கு ஆண்டில் 6.3 ஏக்கர் அடி வரை பாய்ச்சலாம். 2024 முதல் 4 ஏக்கர் அடிதான். அதாவது 1.92 மீட்டர் ஆழத்திலிருந்து 1.22 மீட்டருக்கு இறங்கிற்று. சென்னையின் ஆண்டு மழை ஏறத்தாழ 1.4 மீட்டர் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். பாலைவனப் புல்லுக்கு முன்பு சென்னை மழையை விட அதிகம் கிடைத்தது; இப்போது அதைவிடக் குறைவு.

அரிசோனா இந்த வழியில் முன்பே இறங்கிவிட்டது. அங்கு 1980-இல் வந்த நிலத்தடி நீர்ச் சட்டத்தைத் தொடர்ந்து, பீனிக்ஸ், டூசான் போன்ற பகுதிகளில் புதிய மைதானம் ஒவ்வொன்றுக்கும் 18 குழிகளுக்கு ஏறத்தாழ 90 ஏக்கர் புல் என்று கணக்கு வைத்து நீர் அளந்தார்கள். 36 ஹெக்டேர் என்று மேலே நான் எடுத்துக்கொண்டது இதையே. இந்த வரம்பு ஆட்டத்தையே மாற்றியது. டீயைச் சுற்றிச் சிறிது புல், பந்து விழும் இடத்தில் ஒரு திட்டு, பிறகு கிரீன். இடையில் எல்லாம் கள்ளியும் முள்ளும் கல்லும் உள்ள இயற்கைப் பாலை. ஆடுபவர் தீவிலிருந்து தீவுக்குத் தாண்டுவது போலப் பந்தைத் தாண்டவைக்க வேண்டும்; தவறினால் கள்ளிக்குள் தேட வேண்டும். ஊர் முழுவதையும் பசுமையாக்கப் பார்த்த பழைய மைதானங்களைவிட இவை கண்ணுக்கும் அழகாக இருக்கின்றன என்பது என் கருத்து. அந்த மண்ணுக்கு உரிய முகம் தெரிகிறதல்லவா?

புல்லே இல்லாமலும் ஆடியிருக்கிறார்கள். துபாயில் எமிரேட்ஸ் கோல்ஃப் கிளப்பின் புல் மைதானம் 1988-இல் திறக்கப்பட்டது. வளைகுடா நாடுகளில் முழுதும் புல் விரித்த முதல் பந்தய மைதானம் அதுவே. அதற்கு முன் அங்கு மணலில்தான் ஆட்டம். கிரீனுக்குப் பதில் ‘பிரவுன்’: மணலில் எண்ணெய் கலந்து கெட்டிப்படுத்தி, உருளையால் சமப்படுத்திய பழுப்பு வட்டம். ஆடுபவர் கையோடு ஒரு சிறு செயற்கைப் புல் பாயை எடுத்துச் செல்வார். பந்தை அதன் மேல் வைத்து அடித்துவிட்டு, பாயைச் சுருட்டிக்கொண்டு நடப்பார்.

குளிர்காலத்து வேடம்

நான்கு ஏக்கர் அடி என்ற அளவு எங்கே கடிக்கிறது என்று பார்த்தால், விந்தையாக, அது கோடையில் மட்டுமன்று. பாலைவனத்து இரவுகள் குளிர்காலத்தில் கடுங்குளிராக இருக்கும். மண்ணின் வெப்பம் 10 டிகிரி அளவுக்கு இறங்கியதும் அருகு வளர்ச்சியை நிறுத்திவிடும். முதல் உறைபனி விழுந்ததும் வைக்கோல் நிறமாகிவிடும். ஆனால் அமெரிக்காவின் வட பகுதிகளில் பனி கொட்டும் அந்தக் காலத்தில்தான் செல்வந்தப் பயணிகள் பாலைவன நகரங்களை நாடி வருவார்கள். அவர்களுக்குப் பச்சைத் தரை வேண்டும்.

ஆகவே அக்டோபரில் ஒரு பெரிய வேலை நடக்கிறது. மைதானத்தை இரண்டு மூன்று வாரம் மூடிவிட்டு, அருகை ஒட்டச் சிரைத்து, குளிர்நாட்டு ரைப் புல்லின் விதையை அதன் மேல் தூவுவார்கள். விதை முளைக்கும் வரை நாளைக்குப் பல முறை மேலாக நீர் தெளிக்க வேண்டும். ஒரு வாரம் பத்து நாளில் பச்சை படர்ந்துவிடும். இளவேனிலில் அடியில் உறங்கும் அருகு கண் விழிக்கும்போது, மேலே ரை நின்று நிழலடிக்கும். நீரையும் ஒளியையும் இரண்டும் பங்கு கேட்கும். ரை வெயிலில் சாகும்வரை பொறுத்திருந்தால் அருகுக்கு வளரும் நாள் குறைந்துபோகும். ஒவ்வோர் ஆண்டும் இப்படிக் குறைந்தால் தரை நலிந்து, வழுக்கைத் திட்டுகள் தோன்றும். ஓராண்டில் ஒரே நிலத்தில் இரண்டு புல் பயிர்கள்! அவற்றுள் ஒன்று புல்லின் தேவைக்காக அன்று, பார்ப்பவர் கண்ணுக்காக.

நீர்ப்படி சுருங்கியதும் பல கண்காணிப்பாளர் கை வைத்த இடம் இது. இருக்கும் நீரைப் பங்கிடுவதில் கிரீனுக்கு முதலிடம், அடுத்து டீ, பிறகு ஃபேர்வே, ரஃப்புக்குக் கடைசி இடம். ரஃப்பில் ரை விதைப்பதை நிறுத்தினார்கள். சிலர் ஃபேர்வேயிலும் நிறுத்தினார்கள். சிலர் உறங்கும் அருகின் மேல் பச்சைச் சாயம் தெளித்துவிட்டுப் பேசாமல் இருந்தார்கள். பந்துக்கு அதனால் ஒரு வேறுபாடும் இல்லை. மற்றும் சிலர் சாயமும் இன்றி வைக்கோல் நிறத் தரையிலேயே ஆட விட்டார்கள். வாடிக்கையாளர் சிலர், “புல்லைச் சாகவிட்டீர்களே!” என்று சண்டைக்கு வருவதுண்டு.

அது சாகவில்லை என்று அவர்களுக்கு விளக்குவது எளிது. அடுத்த சித்திரை வெயிலில், வரப்பில் காய்ந்து சருகாகிக் கிடக்கும் அருகு ஒன்றைச் சற்று ஆழமாகத் தோண்டி எடுங்கள். மண்ணுக்குள் ஓடும் வெளிறிய தண்டின் ஒரு கணுவை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே வெண்மையாக, ஈரமாக இருந்தால் அத்துண்டைத் தொட்டி மண்ணில் புதைத்து நாளும் சிறிது நீர் விடுங்கள். ஒரு வாரம் போல் ஆகும். ஊசி முனையளவு பச்சை எட்டிப் பார்க்கும்.